அம்மாவுக்கு, ஃபேர்பேங்க்ஸிலிருந்து

ஃபேர்பேங்க்ஸ், அலாஸ்கா
டிசம்பர் 21

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலமா? நீ சொல்லச் சொல்லத் தம்பி எழுதிய கடிதம் நேற்று வந்தது. தூங்குகிற அணிலைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போனான் என்று கோட்டூர் மாமா கேட்டாராமே. அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், படித்துக் காட்டச் சொல்.

முதலில் குளிர், நீ அதைத்தான் கேட்பாய். இன்று மைனஸ் 38 டிகிரி. பதினொரு மணிவாக்கில் வருகிற சூரியன், மரங்களின் தலைக்கு மேல் ஏறாமலே இரண்டே முக்காலுக்குள் போய்விடுகிறது. இரவில் காருக்குக்கூட மின்சாரம் கொடுத்து எஞ்சினைச் சூடாக வைக்கிறார்கள். எனக்குக் கார் எதற்கு, பஸ் இருக்கிறது. வீடு சின்ன மரவீடு. குழாய் கிடையாது, கேனில் தண்ணீர் கொண்டுவர வேண்டும், குளியல் பல்கலைக்கழகத்தில். இந்த ஊரில் நிறையப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள், பூமிக்கடியில் நிலமே உறைந்து கிடக்கிறது. வாடகை குறைவு என்பதற்காக எடுத்தேன் என்று நினைக்காதே.

பக்கத்து வீட்டுப் பாட்டி பனிவண்டி இழுக்கும் நாய்கள் வளர்க்கிறார். ஒவ்வொன்றுக்கும் வைக்கோல் போட்ட தனி மரப்பெட்டி, மேலே பெயர் எழுதியிருக்கும். தினமும் வெளியே பெரிய அண்டாவில் அரிசியும் மீனும் போட்டு அவற்றுக்குக் கஞ்சி காய்ச்சுவார். போன வாரம் எனக்கு ஒரு கட்டு காய்ந்த சால்மன் மீன் கொடுத்தார். மூட்டையைப் பிரித்ததும் நம் கருவாட்டு வாசனை! இருந்த புளியைக் கரைத்துக் குழம்பு வைத்தேன். அது கொதிக்கும்போது நீ அடுப்படியில் நிற்கிறாய் என்றே தோன்றியது. அடுப்பை அணைத்துவிட்டு, அந்தக் குளிரிலும் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். அப்புறம் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது.

சரி, மாமாவின் கேள்விக்கு வருகிறேன். இங்குள்ள தரை அணில் ஆகஸ்ட், செப்டம்பரில் வளைக்குள் போனால் ஏப்ரல் வாக்கில்தான் வெளியே வரும். அது தூங்கும்போது உடம்புச் சூடு மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்குகிறது என்று எங்கள் பல்கலைக்கழகத்தின் ப்ரையன் பார்ன்ஸ் 1989இல் அளந்து காட்டினார். தண்ணீர் உறையும் சூட்டுக்கும் கீழே, அம்மா! ஆனாலும் ரத்தம் உறைவதில்லை. எடை பார்க்க ஒன்றைக் கையில் எடுத்தேன். பிரிட்ஜிலிருந்து எடுத்த மாங்காய் போல உருண்டையாக, சில்லென்று இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால்தான் ஒரு மூச்சு தெரியும்.

அதிசயம் இதற்கப்புறம்தான். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அது தானாகவே உடம்பைச் சூடேற்றிக்கொண்டு சில மணி நேரத்தில் 36 டிகிரிக்கு வந்துவிடும். அதன் தோள்பக்கத்தில் உள்ள பழுப்புக் கொழுப்புதான் அந்தச் சூட்டைத் தருகிறது. பிறந்த குழந்தைக்கும் அந்தக் கொழுப்பு உண்டு, அக்கா மகளுக்கும் இருந்திருக்கும். ஒரு நாள்கூட ஆகாது, மறுபடி குளிர்ந்துவிடும். சேர்த்துவைத்த கொழுப்பில் பெரும்பகுதி இந்த விழிப்புகளிலேயே கரைகிறது. தூங்குவதற்காகக் கொழுப்பைச் சேர்த்துவைத்துவிட்டு ஏன் விழிக்க வேண்டும்? எல்லோரும் ஒப்புக்கொள்கிற பதில் இன்னும் கிடைக்கவில்லை. அதைத் தேடுகிற வேலையில்தான் நானும் இருக்கிறேன்.

அப்பா ஆவணியிலிருந்து படுக்கையில் இருக்கிறார், ஆபரேஷன் செய்த கால் சூம்பிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் பலமுறை படித்தேன். இங்கே கருங்கரடி ஐந்து, ஆறு மாதம் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், சிறுநீர்கூடக் கழிக்காமல் குகையில் கிடக்கிறது. வசந்தத்தில் எழுந்து தன் காலிலேயே நடந்து போகிறது. எலும்பும் தசையும் பெரிதாகக் கரைவதில்லை. அது எப்படி முடிகிறது என்பது முழுதாகத் தெரிந்தால் அப்பா மாதிரி படுத்துக் கிடப்பவர்களுக்கு ஒரு வழி பிறக்கும். இந்த வேலை வீண் இல்லை என்று மாமாவிடம் சொல்.

நம் உடம்புக்கு அந்த வித்தை இல்லை. அதனால் வலிக்கிறது என்று அப்பா முரண்டு பிடித்தாலும் விடாதே. பயிற்சி கொடுக்க வருகிறவரை நிறுத்த வேண்டாம். காலையும் மாலையும் தம்பி தாங்கிப் பிடித்துத் திண்ணை வரை நடக்க வைக்கட்டும். முட்டையும் பருப்பும் தினமும் கொடு.

தையில் தங்கச்சி கல்யாணத்துக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறாய். அணில்கள் விழிக்கும் வரை அளவெடுக்க ஆள் வேண்டும், சித்திரைக்கு மேல் பார்க்கிறேன். பணம் அடுத்த மாதம் முதல் வாரம் வந்துவிடும், இந்த மாதம் மட்டும் அக்காவிடம் வாங்கிக்கொள். பெரியப்பா கேட்கிறார் என்பதற்காக வாய்க்காலோர நிலத்தை விற்றுவிடாதே. அப்பா பெயரில் தனிப்பட்டா இருக்கிறதா, கூட்டுப்பட்டாவா என்று வி.ஏ.ஓ.விடம் தம்பியைக் கேட்டுவரச் சொல். கூட்டுப்பட்டா என்றால் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், எனக்கு உடனே எழுது. மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்களா என்பதையும் எழுது.

உன் அன்பு மகன்,
சின்னவன்