கொக்கி வேறு, கம்பி வேறு: போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்துத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். புல் பார் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி ஒன்றிய அமைச்சகம் 2017 டிசம்பர் 7 அன்று மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதமும், வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. புல் பாரை, அதாவது பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பியை, கழற்ற வைப்பது உங்கள் கடமை. அதில் எந்தச் சண்டையும் இல்லை. பாதசாரி மேல் மோதினால் பிளாஸ்டிக் பம்பர் கொஞ்சமாவது வளைந்து கொடுக்கும். இரும்புக் குழாய் வளையாது. மோதலின் வேகத்தை ஏர்பேக் சென்சார் படிக்கும் விதத்தையும் அது கெடுத்துவிடும். ஆகவே கம்பி போகட்டும்.

ஆனால் போன மாதம் மலையடிவாரச் சோதனைச் சாவடி ஒன்றில், தோட்டத்துக்குச் சாமான் ஏற்றும் பிக்கப் ஒன்றிலிருந்து கம்பியோடு சேர்த்து, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் போல்ட் போட்டுப் பூட்டியிருந்த இரண்டு இழுவைக் கொக்கிகளும் கேஸ் கட்டரால் வெட்டி எடுக்கப்பட்டன. "முன்னால எதுவும் இருக்கக் கூடாது" என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். இது அந்த ஒரு சாவடியோடு நிற்கிற பழக்கமும் இல்லை.

கோரிக்கை ஒன்றே ஒன்று. சேசிஸில் பூட்டிய இழுவைக் கொக்கி புல் பார் அல்ல என்று ஒரு சுற்றறிக்கை எழுதுங்கள். எப்படிப் பூட்டினால் செல்லும் என்பதற்கு ஒரு பக்க வரைபடத்தை அதோடு இணையுங்கள்.

கம்பெனி கொடுத்த கொக்கி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. டூல் பையில் ஒரு திருகு வளையமோ, பம்பருக்கு அடியில் வளைத்த ஒரு கம்பி வளையமோ. இஞ்சின் நின்றுபோன வண்டியைத் தார் ரோட்டில் பட்டறைவரை இழுத்துப் போக அது போதும். இந்த மாதிரி வளையத்துக்கு ஐரோப்பிய விதி கேட்கும் தாங்குதிறன், வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் பாதி. அதாவது 2,500 கிலோ பிக்கப்புக்கு 1,250 கிலோ. சேற்றின் கணக்கு வேறு. ராணுவ மீட்புக் கையேடுகள் பின்பற்றும் தோராயப்படி, சக்கரம் புதைந்தால் வண்டியின் எடை அளவுக்கு இழுக்க வேண்டும். மட்கார்டுவரை புதைந்தால் இரண்டு மடங்கு. அதே பிக்கப்புக்கு அது 5,000 கிலோ. 1,250-க்குச் செய்த வளையத்தில் 5,000 கிலோ இழுவையை மாட்டுங்கள் என்றுதான், கொக்கியை வெட்டும்போது, ஓட்டுநரிடம் நாம் சொல்கிறோம்.

கொக்கி இல்லாத வண்டி புதைந்தால் என்ன நடக்கும் என்று சற்றுப் பாருங்கள். மழைக்காலம், செம்மண் ஏற்றம், பின்னால் ஏழெட்டு ஆட்கள். ஓட்டுநர் சங்கிலியைக் கட்ட இடம் தேடுவார். முன் பட்டை ஸ்பிரிங்கில் கட்டினால் நடு போல்ட் அறுந்து ஆக்சில் பின்னால் நகரும். ஆக்சிலைச் சுற்றிக் கட்டினால் பிரேக் குழாய் நசுங்கும். அது அங்கேயே தெரியாது, இறக்கத்தில்தான் தெரியும். ஸ்டியரிங் ராடில் கட்டுகிறவர்களும் உண்டு. லாரியில் ஏற்றி வரும்போது கட்டிவைக்கக் கம்பெனி வைத்த மெல்லிய காது, பார்வைக்குக் கொக்கி மாதிரியே இருக்கும். கடைசியில் சங்கிலியோ இழுவைப் பெல்ட்டோ அதில்தான் மாட்டப்படும். இழுக்கிற வண்டியில் டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டை இருந்தால் மறுமுனை அதில் ஏறும். பெல்ட் இழுபட்டு நீளும்போது அதில் ஆற்றல் சேர்கிறது. காதோ உருண்டையோ முறிந்தால் அந்த இரும்புத் துண்டு கவண்கல் மாதிரி எதிர் வண்டியின் கண்ணாடிக்குள் போகும். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் உதவ வந்தவர். இப்படி ஆட்கள் செத்தது வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறது.

சரியாகச் செய்வது பெரிய வித்தையில்லை. வரைபடம் கேட்பதால் அளவுகளையும் சொல்லிவிடுகிறோம். ஏணி மாதிரி அமைந்த சேசிஸ் உள்ள வண்டிக்கு, ஒவ்வொரு பக்கமும் 12 மி.மீ. கனத்தில், சுமார் 250-க்கு 100 மி.மீ. தகடு, ஐ.எஸ். 2062 தர இரும்பு போதும். தகட்டில் மாட்டிப் பெல்ட்டைக் கோக்கும் ஷாக்கிள், அதாவது ஊசியால் மூடும் இரும்பு வளையம், முக்கால் அங்குல வில் வடிவமாக இருக்கட்டும். அதன் வேலைச்சுமை 4.75 டன் என்று உடம்பிலேயே பொறித்திருக்க வேண்டும். பொறிப்பு இல்லாத ஷாக்கிளைப் பழைய இரும்புக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். அதன் ஊசி 22 மி.மீ., ஆகவே தகட்டில் 24 மி.மீ. ஓட்டை, ஓட்டையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்புக்கு 40 மி.மீ. குறையக் கூடாது. ஓட்டையை டிரில்லில் போட வேண்டும், கேஸில் ஊதி எடுக்கக் கூடாது. ஷாக்கிளின் வாய் தகட்டைவிட அகலம் என்பதால் ஓட்டையைச் சுற்றி இருபுறமும் 6 மி.மீ. வளையம் பற்றவைத்தால் ஷாக்கிள் பக்கவாட்டில் ஆடாது. பக்கவாட்டில் இழுத்தால் ஷாக்கிளின் பலம் பாதியாகிவிடும்.

தகட்டைச் சேசிஸின் பக்கச் சுவரில் நான்கு எம்12, அதாவது 12 மி.மீ., போல்ட்டில் பூட்ட வேண்டும், தரம் குறைந்தது 8.8. மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டை போடவே கூடாது. சேசிஸின் வளைவுப் பாரம் அங்கேதான் நிற்கிறது. இழுவை சேசிஸின் நீளவாக்கில் போனால் போல்ட்டுகள் வெட்டுவிசையில் வேலை செய்யும். இந்தத் தரத்தில் ஒரு எம்12 மரைப்பகுதியிலேயே சுமார் 4 டன் தாங்கும். மரையில்லாத தண்டு தகட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே வரும்படி நீளம் பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது. சேசிஸ் பெட்டி வடிவமாக இருந்தால் உள்ளே ஒவ்வொரு போல்ட்டுக்கும் குழாய்த் துண்டு ஒன்று கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் 80 நியூட்டன் மீட்டர் முறுக்கும்போது சுவர் உள்ளே அமுங்கும். அமுங்கிய சுவரில் போல்ட் ஒருபோதும் இறுகி நிற்காது, நாலு இழுவையில் ஓட்டை நீள்வட்டமாகிவிடும். நமது பட்டறைகளில் அதிகம் விட்டுப்போவது இந்தக் குழாய்த் துண்டுதான்.

இங்கேதான் உங்கள் வரைபடம் இல்லாமல் காரியம் ஆகாது. பல வண்டிகளில் சேசிஸின் முன்நுனியில் மோதலின்போது சுருங்குவதற்கென்றே மடிப்புகள் விட்டிருப்பார்கள். அதன் மேல் 12 மி.மீ. தகட்டைப் பூட்டினால் அந்தப் பகுதி சுருங்காது. புல் பாரின் அதே குற்றத்தை வேறு வழியில் செய்ததாகும். மடிப்பு எங்கே முடிகிறது, எங்கே பூட்டலாம் என்பது வண்டி செய்தவருக்குத் தெரியும். மாடலுக்கு ஒரு தாள் அவரிடமிருந்து வாங்க உங்களால் முடியும். மூலைக்கடை வெல்டரால் முடியாது.

பட்டறைப் பம்பர்களுக்காக வக்காலத்து வாங்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை கழற்றப்பட வேண்டியவையே. 5 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டர் 39 கிலோ. அதில் மடித்த பம்பர் பக்கத் தாங்கிகளோடு 50 கிலோவைத் தாண்டும். அத்தனையும் முன் ஆக்சிலுக்கும் முன்னால் தொங்குவதால் ஸ்பிரிங் தாழும், ஹெட்லைட் வெளிச்சம் மாறும். ஜி.ஐ. குழாயை அதன் துத்தநாகப் பூச்சை உரசி எடுக்காமல் பற்றவைத்தால் வெல்டரின் நெஞ்சுக்கும் கேடு, பற்றிலும் குமிழி. அந்தக் குழாய் முகத்தில் ஒரு கொக்கியை ஒட்டவைத்து, முழுப் பம்பரையும் நாலு 8 மி.மீ. போல்ட்டில் தொங்கவிட்டிருப்பார்கள். அதை இழுத்தால் வண்டி வராது, பம்பர் மட்டும் வரும். ஆக, கொக்கி பம்பரை நம்பி நிற்கக் கூடாது. பம்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சேசிஸில் நிற்க வேண்டும். கம்பி வேறு, கொக்கி வேறு என்று நாங்கள் சொல்வதன் பொருள் அவ்வளவே.

இரண்டு தகடு, இரண்டு ஷாக்கிள், போல்ட்டுகள் எல்லாம் சேர்த்து 10 கிலோகூட வராது. தகட்டின் முனையை உருட்டி, பம்பர் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தி, ரோட்டில் ஓடும்போது ஷாக்கிளைக் கழற்றி வைத்துவிட்டால் பாதசாரி மேல் படுவதற்கு எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. 52ஆம் பிரிவின் விளக்கமே, வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் 'மாற்றம்' என்கிறது. கொக்கி எந்த அம்சத்தை மாற்றுகிறது? 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் என்கிறார்கள். இடது கொக்கி ஒரு மாற்றம், வலது கொக்கி இன்னொரு மாற்றம் என்று எண்ண வேண்டுமா என்பதையாவது தெளிவுபடுத்தினால் பணத்தை எடுத்து வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

விளம்பரத்தில் ஆற்றைக் கடந்து பாறையில் ஏறும் வண்டிக்குக் கையேட்டில் ஒரு திருகு வளையம். அதை யாரும் கேட்பதில்லை. கொடி பறக்கும் பெரிய வண்டிகளின் முன்னால் மின்னும் கம்பி, சாவடிகளின் கண்ணுக்கு மட்டும் எப்படியோ தப்பிவிடுகிறது. அதையும் யாரும் கேட்பதில்லை. முட்டைக்கோஸ் ஏற்றிவரும் பிக்கப்பின் கொக்கி மட்டும் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. மன்னிக்கவும், இதை எழுத உட்காரவில்லை.

எழுத வந்தது கோரிக்கையை. கொக்கி வேறு, கம்பி வேறு என்று ஒரு சுற்றறிக்கை. மாடலுக்கு ஒரு வரைபடம். பூட்டிய பின் எஃப்.சி. காட்டும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்திட ஒரு வரி. தயவுசெய்து செய்து கொடுங்கள்.

அது வரும்வரை, கொக்கியைக் கழற்றியே ஆக வேண்டும் என்று உங்கள் ஆய்வாளருக்குத் தோன்றினால், ஸ்பேனரால் கழற்றச் சொல்லுங்கள். சேசிஸை ஒட்டிப் பிரேக் குழாயும் ஒயரும் போகின்றன. கேஸ் கட்டரின் சூட்டில் உள்பக்கப் பூச்சு எரிந்து, துரு யார் கண்ணுக்கும் படாமல் உள்ளே தொடங்கும். எம்12 போல்ட்டுக்கு 18 அல்லது 19 நம்பர் ஸ்பேனர் போதும். ஓட்டுநரின் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். கேட்டால் எடுத்துக் கொடுப்பார்.

இப்படிக்கு,
மலைப்பாதையில் வண்டி ஓட்டுவோரும் அவற்றைப் பழுது பார்ப்போரும்