கணக்கில் எழுதாத சோறு

அன்புடையீர்,

வணக்கம். இலங்கையின் பதுளை மாவட்டத்தில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து, எங்கள் லயத்துக் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளின்) குடும்பங்கள் எல்லாவற்றின் சார்பிலும், புயல் நாட்களில் எங்களுக்குச் சோறு தந்த உங்களுக்கு நன்றி சொல்ல இந்த மடலை எழுதுகிறேன். பொங்கல் முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் உட்கார்ந்து எழுத மனம் கூடியிருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைக் கடந்தபோது மலையகத்தில் கொட்டிய மழையை நான் விவரிக்க வேண்டியதில்லை. லயத்துக்கு மேலே இருந்த தேயிலை மலையில் வெடிப்பு விழுந்தது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அதனால் எச்சரிக்கை வந்ததும் ஒருவரும் தர்க்கம் செய்யவில்லை. பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு, உடுத்திய துணியோடு இறங்கிப் பாடசாலைக்கு வந்துவிட்டோம். எங்கள் லயத்தில் உயிர்ச்சேதம் இல்லை. மற்றத் தோட்டங்களிலும் கிராமங்களிலும் உறவுகளை இழந்தவர்களை நினைக்காமல் இந்த வரியை எழுத முடியவில்லை.

அந்த முதல் இரவு எங்களுக்குச் சோறு கொண்டுவந்தவர்கள் கீழே உள்ள சிங்களக் கிராமத்துப் பெண்கள். மின்சாரம் இல்லை. பாதை பல இடங்களில் உடைந்திருந்தது. அவர்களுடைய வயல்களிலும் தண்ணீர் நின்றது. அப்படியிருந்தும் பெரிய சட்டிகளைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் வந்தார்கள். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல், கீரை மல்லுங். அவற்றோடு ஒரு கூடையில் பீங்கான் தட்டுகளும் வந்தன.

அந்தத் தட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓரத்தில் நீலப் பூ வரைந்தவை, கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்து விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிற தட்டுகள். பல வீடுகளிலிருந்து சேர்த்தவை என்பதால் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. என் அம்மா கொழுந்து எடுத்தே வாழ்நாளைக் கழித்தவர். சேறு படிந்த கையோடு அந்தத் தட்டை வாங்கத் தயங்கினார். நாங்கள் ஆச்சி அம்மா என்று கூப்பிடும் மூதாட்டி, ஒரு வாளியில் சுடுதண்ணீர் கொண்டுவந்து, அம்மாவின் கைகளைத் தானே கழுவிவிட்டார். பிறகு தட்டைக் கையில் கொடுத்துச் சோற்றைப் போட்டார். அம்மா போதும் என்று கையை மறித்தபோது, “தவ டிகக்” (இன்னும் கொஞ்சம்) என்று இன்னும் ஒரு கரண்டி வைத்தார். அம்மா அழுதுகொண்டே சாப்பிட்டார். அவ்வளவு நேரம் மலையிலிருந்து இறங்கி வந்தபோதும் அவர் அழவில்லை.

ஏன் ஒரு தட்டுச் சோறு அவரை அப்படி உடைத்தது என்று நான் பல இரவுகள் யோசித்தேன். எங்கள் மக்களுக்குச் சோறு நெடுங்காலம் கணக்கோடு வந்த ஒன்று. மன்னாரில் கரையிறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த முன்னோர்களுக்கு வழிச் செலவும் கடனாகவே எழுதப்பட்டது. தோட்டம் கொடுத்த அரிசியின் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. கடனைக் குறித்து வைத்த துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. பிறகு 1973, 74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினியால் சாவுகள் நடந்தன. அம்மாவின் தலைமுறைக்கு அது கேட்ட கதை இல்லை, பட்ட பாடு. அப்படிப்பட்ட ஒருத்திக்கு, யார் பெயரிலும் எழுதாத சோறு, விருந்தாளித் தட்டில், இன்னும் கொஞ்சம் என்ற சொல்லோடு வந்து சேர்ந்தது. அதை அருள் என்றுதான் நான் சொல்வேன்.

தேயிலைப் பயிர்ச்செய்கை கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் தொடங்கியது 1867இல். அதே ஆண்டில்தான் வடலூரில் வள்ளலார் தரும சாலையின் அடுப்பை ஏற்றி வைத்தார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. எங்கள் பாட்டன்மார் புறப்பட்டு வந்த தமிழகத்தில் பசித்தவரிடம் யார் நீ என்று கேட்காத ஓர் அடுப்பு எரியத் தொடங்கிய அதே காலத்தில், இங்கே அவர்கள் அரிசியைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல்தான், ஆனாலும் அன்றிரவுக்குப் பிறகு அது என் நினைவை விட்டுப் போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டைப் பள்ளிவாசல் ஜமாஅத்தார் பொறுப்பெடுத்தார்கள். கார்த்திகை மாதம் என்பதால் எங்களில் பலர் மாலை போட்டிருந்தார்கள். வேறு சிலர் வெள்ளிக்கிழமையில் மச்சம் (மீன், இறைச்சி) தொடுவதில்லை. நானாமார் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) இதை முதல் நாளே வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். மரக்கறிக்குத் தனியாக அடுப்பு மூட்டி, தனிப் பாத்திரத்தில் நெய்ச்சோறு ஆக்கி, கத்தரிக்காய்ப் பொரியலும் கஜுக் கறியும் தந்தார்கள். மற்றவர்களுக்குக் கோழி. எல்லாம் சஹனில் வந்தது. பாய் விரித்து, நடுவில் அந்தப் பெரிய தாம்பாளத்தை வைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது அவர்களுடைய வழக்கம்.

எங்கள் பெண்களுக்கு அது புதிது. முதலில் பிள்ளைகள்தான் உட்கார்ந்தார்கள். கோழித்துண்டை ஒரு சிறுமி தன் பக்கமிருந்து எடுத்துப் பக்கத்துக் காம்பராப் (லயத்து அறைப்) பையனின் பக்கம் தள்ளிவைத்தாள். அந்தப் பையனின் தகப்பனுக்கும் இவளுடைய தகப்பனுக்கும் வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை கிடையாது. சிறிது நேரத்தில் அந்த இரண்டு பேரும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சமாதானம் பேசவில்லை. ஒரே தாம்பாளத்தில் கை போட்டுச் சாப்பிடும்போது எவ்வளவு நேரம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது?

மகிழ்ச்சி வந்த நாளையும் சொல்கிறேன். சில நாட்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்த பிறகு எங்கள் பெண்களுக்குக் கை துறுதுறுத்தது. சமைக்கும் இடத்துக்குப் போய் நின்றார்கள். ஆச்சி அம்மா ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து இடம்விட்டு, தேங்காய் துருவியை என் பெரியம்மாவிடம் தள்ளினார். அன்று காலை எங்கள் கையால் ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும் ஆயின. உறைப்பில் ஆச்சி அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியும் இன்னொரு ரொட்டிக்குத் தட்டை நீட்டினார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. மலையிலிருந்து இறங்கிய பின் நாங்கள் சிரித்தது அன்றுதான்.

உதவிப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கு இதை வைத்து ஒரு வேண்டுகோள். நீங்கள் தந்த உலர் உணவுப் பொதிகளால்தான் நாங்கள் பின்னர் தனி அடுப்பு மூட்டினோம், அந்த நன்றி என்றும் இருக்கும். ஆனாலும் இடம்பெயர்ந்தவர்களை வரிசையில் நிற்க வைப்பதோடு விட்டுவிடாதீர்கள். அவர்கள் கையில் ஓர் அகப்பையைக் கொடுங்கள். வாங்கி உண்பவர்களாக மட்டுமே இருப்பது எவ்வளவு பாரம் என்று எங்களுக்குத் தெரியும். பரிமாறத் தொடங்கிய காலையிலேயே அந்தப் பாரம் பாதி இறங்கிவிட்டது.

வகுப்பறைகளைத் திறந்துவிட்டு, இரவிலும் எங்களோடு தங்கிய அதிபர் ஐயா. விடியும் முன் சூடான பாண் அனுப்பிய பேக்கரிக்காரர். பாதை உடைந்த இடத்தில் எரிவாயு சிலிண்டர்களைத் தோளில் சுமந்து வந்த இளைஞர்கள். லாரி பிடித்து அரிசியும் பால்மாவும் அனுப்பிய வடக்கு, கிழக்கு உறவுகள். சர்க்கரை நோயாளிகளுக்குக் குரக்கன் மா தேடிக் கொண்டுவந்த மருத்துவத் தாதி: உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் கைகூப்பு.

தைப்பொங்கலன்று மாரியம்மன் கோயில் முற்றத்தில் நாங்கள் பொங்கியதில் உங்களில் பலர் கலந்துகொண்டீர்கள். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று சேர்த்தது அது. இன்னும் தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்களும் தங்கள் பிடியைக் கொடுத்தார்கள். வாழையிலை விரித்து, கிராமத்து அம்மாமாரையும் நானாமாரையும் முதல் பந்தியில் உட்கார வைத்தோம். எங்களிடம் தங்கிவிட்ட இரண்டு சஹன்களையும், அயல்வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்ற எங்கள் வழக்கப்படி, சர்க்கரைப் பொங்கல் நிரப்பிப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தனுப்பினோம். என் அம்மா ஆச்சி அம்மாவின் இலைக்கு முன்னால் வாளியோடு நின்று, அவர் போதும் போதும் என்ற பிறகும் போட்டுக்கொண்டே இருந்தார்.

அன்று வர முடியாதவர்கள் இருக்கிறீர்கள். பெயர் கேட்டுக்கொள்ள நேரமில்லாமல் சாமான்களை இறக்கிவைத்துவிட்டுப் போனவர்களும் இருக்கிறீர்கள். சித்திரையில் எங்கள் அம்மன் திருவிழா. திருவிழாவன்று மதியம் அன்னதானம் உண்டு. இந்த மடலைப் படிப்பவர்கள் அவர்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். குடும்பத்தோடு வரட்டும். மெயின் ரோட்டில் இறங்கி, அன்று சோறு தந்தவர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாராவது மேலே கூட்டி வருவார்கள்.

நன்றியுடன்,
லயத்துக் குடும்பங்களின் சார்பில்
ஒரு கொழுந்துக்காரியின் மகன்