சக் ஜா கிரைண்டிங்கில் ஏற்பட்ட குறைபாடு குறித்த புகார்

அனுப்புநர்: லேத் பட்டறை உரிமையாளர், கணபதி, கோயம்புத்தூர்.
பெறுநர்: மேலாளர் அவர்கள், பழுதுநீக்கும் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனத்தில் வாங்கிய 200 மி.மீ. மூன்று ஜா சக்கின் (லேத்தில் வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் பிடிப்பானின்) தேய்ந்த ஜாக்களை, அதாவது பிடிக்கும் தாடைகளை, தங்களிடமே கிரைண்டிங் செய்ய, அதாவது சாணைக்கல்லால் அரைத்துச் சரிசெய்யக் கொடுத்து, மூன்று முறை அலைந்து, ஒன்பது முறை தொலைபேசியில் பேசி, பயனில்லாமல் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆள் அனுப்பி என் லேத்திலேயே, லேத்தில் பொருத்தும் சாணையான டூல் போஸ்ட் கிரைண்டர் வைத்துச் செய்து தருவதாகத்தான் முதலில் சொன்னீர்கள். பிறகு சக்கைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னதால், அவ்வளவு கனமான சக்கைச் சாக்கில் கட்டி, ஈரோடு தாண்டியுள்ள தங்கள் கிளைக்குப் பேருந்தில் தூக்கிக்கொண்டு வந்தேன். இதற்காக ரூ.4,800 கட்டினேன்.

திரும்பி வந்த சக்கை மாட்டி, 40 மி.மீ. கம்பியைப் பிடித்துச் சுழற்றி, நுண்ணளவு காட்டும் முள்மானியான டயல் கேஜ் வைத்தபோது 0.18 மி.மீ. ஆட்டம் காட்டியது. கொடுப்பதற்கு முன் இருந்தது 0.12 மி.மீ. மட்டுமே. ஜாக்களில் நீலச்சாயம் தடவிப் பார்த்ததில், உள்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு மட்டுமே கம்பியில் சாயம் ஒட்டியது. ஜாக்களின் முன்முனையான வாய்ப்பக்கம் செருகிய காகிதத் துண்டு, சக் சாவியை முழுவதுமாக இறுக்கிய பின்னும் விரலோடு உருவி வந்தது.

இதன் காரணம் தங்களுக்குத் தெரியாததன்று. ஜாக்களுக்கு நடுவே வளையம் வைத்து, வேலைத்துண்டை இறுக்கும் அதே திசையில் அழுத்தம் கொடுத்துத்தான் கிரைண்டிங் செய்ய வேண்டும். அழுத்தமில்லாமல் செய்தால், இறுக்கும்போது ஜா வாய்ப்பக்கம் விரிந்துகொள்ளும். இதைக் கேட்டதற்குத் தங்கள் ஆள், "வளையம் எல்லாம் பழைய காலத்து வழக்கம்" என்றார். ஜாக்களை நகர்த்தும் சுருள் தட்டான ஸ்க்ரோலில் சாணைக்கல் தூள் நறநறவென்று அரைபடுகிறது. கழற்றித் துடைக்கக்கூட இல்லை.

இரண்டாம் முறை வந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை, ஐயா. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு வந்தவனை, டோக்கன் இல்லை என்று பகல் இரண்டு மணிவரை வெயிலில் நிறுத்திவிட்டு, கிரைண்டிங் செய்பவர் விடுப்பில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். கவுன்ட்டரில் இருந்தவர், "ஒரு செட் ஜாவுக்கு இவ்வளவு பேச்சா? உங்க லேத் ஸ்பிண்டிலே கோணல், போய் அதைப் பாருங்க" என்று பத்துப் பேர் முன்னிலையில் சொன்னார். அன்று மாலையே, சக்கைத் தாங்கிச் சுழலும் அந்த ஸ்பிண்டிலின் உள்டேப்பரில் (கூம்புத் துளையில்) டயல் வைத்தேன், 0.01 மி.மீ.க்குமேல் முள் அசையவில்லை. மூன்றாம் முறை அந்த அளவை எழுதிக்கொண்டு வந்தும் அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக லேத்தில் நிற்பவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

இந்தச் சக்கை நம்பி, பம்ப் கம்பெனிக்கான 240 புஷ்களை (குழல் வடிவ உதிரிபாகங்களை), வெளிப்புறத்தைப் பிடித்து உள்விட்டம் போரிங் செய்தேன், அதாவது உள்துளையைக் குடைந்தேன். ஒரு பக்கம் சுவர் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் போனதால் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. அந்த ஆர்டர் கைவிட்டுப் போனது. பட்டறையே மூடும் நிலைக்கு வந்துவிட்டது. கூலி, பித்தளை, பெயர்க்கேடு எல்லாம் சேர்த்து இழப்பு இரண்டு லட்சத்துக்குக் குறையாது.

ஆகவே தயவுசெய்து பத்து நாட்களுக்குள், வேலை தெரிந்த ஒருவரை என் பட்டறைக்கு அனுப்பி, ஸ்க்ரோலைச் சுத்தம் செய்து, அழுத்தம் கொடுத்து, நான் அதிகம் பிடிக்கும் 40 மி.மீ. அளவிலேயே ஜாக்களை கிரைண்டிங் செய்து, 0.03 மி.மீ.க்குள் இருப்பதை என் டயலில் காட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இயலாதெனில் கட்டிய பணத்தையும் இழப்பீட்டையும் தாருங்கள்.

இரண்டும் நடக்காவிட்டால் நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். பட்டறைக்காரன் நுகர்வோர் அல்லன் என்று தங்கள் அலுவலர் சொன்னார். சுயதொழிலால் பிழைப்பவனும் நுகர்வோரே என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ரசீதும், சாயம் பிடித்த கம்பியின் படங்களும் பத்திரமாக உள்ளன. அவ்வளவு தூரம் போக எனக்கு விருப்பமில்லை. தங்கள் சக்கைத்தான் இன்றும் என் லேத்தில் வைத்திருக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
லேத் பட்டறை உரிமையாளர்