அந்த வயதுக்காரர்களிடம் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

இளையோர் நாவல்கள் பற்றிய தங்கள் கட்டுரையில், 2012-இல் வெளிவந்த ஜான் கிரீனின் ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ நாவலை அமெரிக்காவின் இந்தியானா மாநில நூலகம் ஒன்று 2023-இல் பெரியவர்கள் பகுதிக்கு மாற்றியதைப் படித்து வருந்தினேன். அது பதினாறு வயதினருக்கே உரிய கதை. நுரையீரல் வரை புற்றுநோய் பரவிய ஹேஸல் ஆக்சிஜன் உருளையோடுதான் நடமாடுகிறாள். ஆனாலும் சிடுசிடுக்கிறாள், காதலிக்கிறாள், பிடித்த நாவலின் முடிவுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்க ஆம்ஸ்டர்டாம் வரை போகிறாள். நோயாளி என்றால் பொறுமையின் சிலை என்ற பொய் அதில் இல்லை.

என் மகள் பத்தாம் வகுப்பில் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது இதைப் படித்தாள். அப்புறம்தான், “எனக்குப் பயமா இருக்கும்மா” என்று முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். எந்த நூலகமும் இத்தகைய முடிவெடுக்கும் முன், பதின்வயது வாசகர்கள் நாலைந்து பேரையாவது குழுவில் உட்காரவைத்துக் கேட்கட்டும்.