அம்பாசிடருக்கு ஷீட் அப்புறம், மொதல்ல ஓட்டைய அடைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு நம்ம பேப்பர் கேள்வி-பதில்ல ஒருத்தர், அம்பாசிடர் உள்ள சத்தமும் சூடும் தாங்கல என்ன பண்ணலாம்னு கேட்டிருந்தாரு, அதுக்கு கார் முழுக்க டேம்பிங் ஷீட் (தகடு அதிராம இருக்க ஒட்டற கனமான ஷீட்) ஒட்டிருங்கனு ரெண்டே வரியில முடிச்சுட்டீங்க. எங்க வீட்லயும் பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடர் ஒண்ணு இன்னும் ஓடிட்டிருக்கு, அதனால படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. அந்த பதில நம்பி யாராவது கார் சாமான் விக்கற ஜி.பி. ரோட்டுக்கு போனாங்கன்னா கடைக்காரர் ரோல் ரோலா ஒட்டி பெரிய பில்லா போட்டு அனுப்புவாரு, வண்டி அம்பது அறுபது கிலோ கூடும், சத்தம் என்னவோ பாதி அப்படியேதான் இருக்கும்.

ஏன்னா சத்தம் வர்றது தகடு வழியா மட்டும் இல்லீங்க, ஓட்டை வழியாவும்தான். இது கணக்கு. ஒரு தடுப்புல நூத்துல ஒரு பங்கு திறந்து கிடந்தா மீதி 99 பங்க நீங்க ஈயத்துலயே செஞ்சாலும் மொத்தத்துல 20 டெசிபலுக்கு மேல தடுக்காது. அம்பாசிடர்ல இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற ஃபயர்வால பாத்திருக்கீங்களா, ஸ்டீயரிங் காலம் வர்ற ஓட்டை, பெடல் வர்ற ஓட்டை, ஆக்சிலரேட்டர் ராடு, ஸ்பீடோமீட்டர் கேபிள், வயரிங், இது போதாதுனு எந்த காலத்துலயோ ஏசி மாட்டி கழட்டினவன் போட்ட ஓட்டை வேற. ஓட்டையில வயர சுத்தி வர்ற ரப்பர் வளையம், கிராமெட்டுனு சொல்வாங்க, அதெல்லாம் காஞ்சு வெடிச்சு உதிர்ந்து போயிருக்கும். ராத்திரி நேரத்துல பானெட்டுக்குள்ள ஒரு எல்இடி லைட்ட எரிய விட்டு பானெட்ட மூடிட்டு, உள்ள போயி மேட்ட தூக்கி டேஷ்போர்டுக்கு அடியில தலைய விட்டு பாருங்க. வெளிச்சம் வர்ற இடம் எல்லாம் சூடும் சத்தமும் பெட்ரோல் வாசனையும் வர்ற இடம்தான். அதுக்கு கிராமெட்டும் ரப்பர் பூட்டும் (ரப்பர் உறை) பழைய வண்டி பார்ட்ஸ் விக்கற புதுப்பேட்டைல சில நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும்.

கதவு பீடிங்கும் (கதவ சுத்தி இருக்கற ரப்பர் பட்டை) அப்படித்தான். ஒரு பேப்பர வச்சு கதவ சாத்திட்டு இழுங்க, வழுக்கிட்டு வந்துச்சுன்னா பீடிங் செத்துப்போச்சு. 60 கிமீ தாண்டினதும் உய்யினு ஒரு சத்தம் வருமே, அது அங்கேருந்துதான். முன்கதவு முக்கோண கண்ணாடி ரப்பரையும் இதே மாதிரி பாத்துடுங்க. அப்புறம் இன்ஜின் மவுண்டிங், அதாவது இன்ஜின தாங்கற ரப்பர். அம்பாசிடருக்கு தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ், அதனால மவுண்டிங் ரப்பர் கல்லா இறுகிட்டா இன்ஜின் ஆட்டம் நேரா தரைக்கும் கதவுக்கும் போயி மொத்த வண்டியும் சேர்ந்து அதிரும், அத மாத்தாம மேல ஷீட் ஒட்டி என்ன புண்ணியம்.

ஷீட்டே வேண்டாம்னு சொல்லல. பியூட்டைல்ங்கற ரப்பர்ல செஞ்ச டேம்பிங் ஷீட்டோட வேலை என்னன்னா தகடு அதிர்றத நிறுத்தறது, அவ்வளவுதான். விரல் முட்டியால தட்டி பாருங்க, டங்குனு கேட்ட தகடு ஷீட் ஒட்டினப்புறம் டொக்குனு கேக்கணும். அதுக்கு பேனல் நடுவுல கால் பங்கு, மிஞ்சிப்போனா மூணுல ஒரு பங்கு ஒட்டினா போதும், மூலை முடுக்கெல்லாம் ஒட்ட தேவையே இல்ல. கதவுக்கு அடியில தண்ணி வடியற சின்ன ஓட்டைங்க இருக்கும், அத மூடிட்டீங்கன்னா அடுத்த மழைக்காலத்துல கதவு அடியிலேருந்து அரிச்சுடும். சில கடையில விலை கம்மினு மொட்டை மாடிக்கு ஒட்டற தார் ஷீட்ட தர்றாங்க, கூரைக்கு மட்டும் அத வாங்கவே வாங்காதீங்க, நம்ம மே மாச வெயில்ல நிறுத்தின வண்டி கூரை கைய வைக்க முடியாத சூடு ஆகும், தார் இளகி லைனிங் மேல இறங்கும், நாத்தம் வேற. ஷீட்ட மோந்து பாத்தாலே தெரிஞ்சிடும், தார் ரோடு வாசனை அடிச்சா திருப்பி குடுத்துடுங்க.

சூடு தனி கதை. அலுமினியம் ஃபாயில் வெப்பக்கதிர்ல 90 சதவீதத்துக்கு மேல திருப்பி அனுப்பும், ஆனா முன்னாடி காத்து இடைவெளி இருந்தாத்தான். ஃபாயில தகட்டுக்கும் கார்பெட்டுக்கும் நடுவுல நசுக்கி வச்சா அது சும்மா ஒரு உலோகம், சூட்ட அப்படியே கடத்தும். கூரைக்கும் தரைக்கும் நான் சிபாரிசு பண்றது ஏசி டக்ட்டுக்கு சுத்தற நைட்ரைல் ரப்பர் ஷீட், பத்து எம்எம் போதும், தண்ணி குடிக்காது. சணல் ஃபெல்ட் சத்தத்துக்கு நல்லதுதான், ஆனா ஒரு தடவ நனைஞ்சா காயவே காயாது, பழைய அம்பாசிடர்ல தரை ஓட்டை விழுந்து டிங்கரிங்குக்கு வர்றதுல நிறைய அந்த ஃபெல்ட் பண்ற வேலை.

அந்த வாசகர் இடது பக்க முன்சீட்ல கால் சுடுதுனு எழுதியிருந்தாரு, அதுக்கு உங்க பதில்ல ஒரு வார்த்தை கூட இல்ல. இந்த பெட்ரோல் இன்ஜின்ல புகைய வெளிய எடுக்கற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இடது பக்கம், பைப்பும் அந்த பக்கமாத்தான் கீழ இறங்குது, பின்ன சுடாம என்ன பண்ணும். பைப்புக்கும் தரைக்கும் நடுவுல ஒரு அலுமினியத் தகடு, தரைய தொடாம அர இஞ்ச் இடைவெளி விட்டு ஸ்பேசர் போட்டு மாட்டினா வித்தியாசம் அன்னிக்கே தெரியும். பைப்ல துணி மாதிரி சுத்தற ராப் வேண்டாம், ஈரத்த புடிச்சு வச்சு இரும்பு பைப்ப தின்னுடும். இக்னிஷன் டைமிங்கையும் (பிளக்ல பொறி விழற நேரம்) ஒரு தடவ செக் பண்ண சொல்லுங்க, டைமிங் லேட்டா இருந்தா எரிய வேண்டியது எக்ஸாஸ்ட்ல போயி எரியும், மேனிஃபோல்டு சிவக்க ஆரம்பிச்சுட்டா எந்த ஷீட்டும் காப்பாத்தாது.

கண்ணாடிக்கு கருப்பு ஃபிலிம் ஒட்டலாம்னு யோசிக்கறவங்களுக்கு, 2012ல சுப்ரீம் கோர்ட்டு கருப்பு ஃபிலிம் கூடாதுன்னு சொன்னதுலேருந்து போலீஸ் நிறுத்தி கிழிக்கறாங்க, அத நம்பி காசு போடாதீங்க.

முக்கியமானது ஒண்ணு. மேனிஃபோல்டு கேஸ்கெட், அதாவது இன்ஜினுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல புகை கசியாம அடைக்கறது, போயிருந்தா டப் டப்புனு சத்தம் வரும், அத வெறும் சத்தம்னு நினைச்சு ஷீட்ட ஒட்டி மூடிடக் கூடாது, அந்த வழியா வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தரையிலயும் ஃபயர்வால்லயும் ஓட்டை இருந்தா நேரா உள்ள வரும், கண்ணாடிய ஏத்தி ஏசி போட்டு ஓட்டறப்ப இன்னும் ஆபத்து. அடுத்த வாரம் பதில் போடும்போது கேஸ்கெட்ட மொதல்ல போட்டு ஷீட்ட கடைசியா போடுங்க சார், ஷீட் விக்கறவரு இத சொல்ல மாட்டாரு.

இப்படிக்கு,
அம்பாசிடர் வச்சிருக்கற ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை