இரண்டாவது ரேடியேஷன் பிளானிங்குக்குக் காப்பீட்டு ஒப்புதல் கேட்டு மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

அனுப்புநர்:
புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் ஒருவரின் மகள்

பொருள்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் – என் தகப்பனாரின் ரேடியேஷன் மறு பிளானிங் "டூப்ளிகேட்" என்று நிராகரிக்கப்பட்டது – உடனே ஒப்புதல் பெற்றுத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாகத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் முன்பே மனு கொடுத்திருக்கிறேன். "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. எங்கள் ஊர் தங்களுக்குத் தெரியும். போன மழையில் தரைப்பாலம் மூழ்கியபோது நேரில் வந்து பார்த்தீர்கள். அந்தப் பாலத்தைத் தாண்டி, முதல் பஸ்ஸைப் பிடித்துத்தான் அப்பாவைச் சிகிச்சைக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

1. அப்பாவுக்கு நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய். வாரம் 5 நாள், 7 வாரம், மொத்தம் 35 தடவை கரண்ட் (ரேடியேஷன்) வைக்க வேண்டும். திட்டத்தில் ஒப்புதல் கிடைத்துத்தான் தொடங்கினோம். அதற்கு நன்றி.

2. இந்தச் சிகிச்சையில் மெஷினில் படுக்க வைப்பதற்கு முன்பே பெரிய வேலை ஒன்று இருக்கிறது. வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் அழுத்தி மாஸ்க் செய்கிறார்கள். அதைப் போட்டபடியே சி.டி. ஸ்கேன். அதில் கட்டி எது, தண்டுவடம் எது, உமிழ்நீர்ச் சுரப்பி எது என்று டாக்டர் படம் படமாகக் கோடு போடுகிறார். மருத்துவ இயற்பியலாளர் கதிர் எந்தக் கோணத்தில் எவ்வளவு போக வேண்டும் என்று கணக்குப் போட்டு, மெஷினில் சோதித்துப் பார்க்கிறார். இது அத்தனையும் அன்றைக்கு இருந்த முகத்துக்கும் கழுத்துக்கும். இன்று அந்த முகம் இல்லை, ஐயா. வாயெல்லாம் புண். கஞ்சிகூட இறங்காமல் மூக்கில் டியூப். பாதி சிகிச்சை தாண்டுவதற்குள் உடம்பும் பாதியாகிவிட்டது. மாஸ்க்கைப் பூட்டினால் கன்னத்துக்கும் அதற்கும் நடுவே டெக்னீஷியன் தன் இரண்டு விரலை விட்டுக் காட்டினார். உள்ளேயே தலையைத் திருப்ப முடிகிறது. பழைய பிளானில் வைத்தால் கட்டிக்குப் போக வேண்டிய கதிர் தண்டுவடத்தில் விழக்கூடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, சிகிச்சையை நிறுத்தி வைத்திருக்கிறார்.

3. ஆகவே புது மாஸ்க், புது சி.டி., புது பிளான். ஒப்புதல் கேட்டு மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரிலிருந்து அனுப்பினார்கள். "இதே நோயாளிக்கு இதே கோடில் (சிகிச்சைக்கான குறியீட்டு எண்ணில்) பிளானிங் ஏற்கெனவே கொடுக்கப்பட்டது, டூப்ளிகேட்" என்று திரும்பி வந்தது. ஐ.எம்.ஆர்.டி. (கதிரின் அளவை இடத்துக்கு இடம் மாற்றி வைக்கும் ரேடியேஷன் முறை) பேக்கேஜுக்குள்ளேயே பிளானிங் அடக்கம், நடுவில் மறுபடி போடத் தனி கோடு திரையில் வரவில்லை, கையிலிருந்து கட்டுங்கள் என்கிறார் கவுண்டரில் இருப்பவர். எடுத்த ஒரு ஸ்கேனுக்கே இரண்டு பில் போட்டால் அது டூப்ளிகேட். இளைத்துப்போன மனிதருக்குப் புதிதாக எடுப்பது எப்படி டூப்ளிகேட் ஆகும்?

4. மேல்முறையீடு செய்தோம். புது பிளானின் டோஸ் கணக்கை (எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் என்ற கணக்கை) இணைத்து அனுப்பச் சொல்லிக் கேள்வி வந்தது. ஒப்புதல் இல்லாமல் ஸ்கேனே எடுக்க முடியாது என்கிறது மருத்துவமனை. ஸ்கேன் எடுக்காமல் டோஸ் கணக்கு எங்கிருந்து வரும்? நான் எங்கே போய் வாங்கி வருவேன்?

5. நாள் போய்க்கொண்டே இருக்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை நடுவில் நின்றால் மிச்சமிருக்கும் செல்கள் வேகமாகப் பெருகும், ஒரு நாள் தள்ளிப்போனால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறையும் என்று டாக்டர் சொன்னார். இதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. கோடு இல்லை என்பதற்காக ஒரு ஆள் வீட்டில் படுத்துக்கிடக்க வேண்டுமா? பட்ட வேதனையெல்லாம் வீணாகிவிடுமா? யாரைக் கேட்டாலும் அடுத்த மேஜையைக் காட்டுகிறார்கள்.

6. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான திட்டம் இது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எங்கள் கணக்கில் இன்னும் மிச்சம் இருக்கிறது. கூடுதலாக எதுவும் கேட்கவில்லை.

ஐயா, இந்தத் திட்டத்தின் மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவுக்குத் தாங்களே தலைவர். டாக்டரின் குறிப்பையும் அப்பாவின் இப்போதைய எடையையும் வைத்தே மறு பிளானிங்குக்கு ஒப்புதல் தரச் சொல்லுங்கள். டோஸ் கணக்கைப் பிளான் முடிந்த பிறகு இணைத்துக்கொள்ளலாம். இப்படி மறுபடி பிளான் போட வேண்டியவர்களுக்குத் தனி கோடு ஏற்படுத்த அரசுக்கும் எழுதுங்கள். அந்த வெயிட்டிங் ஹாலில் மூக்கில் டியூபோடு உட்கார்ந்திருப்பவர் என் அப்பா மட்டும் இல்லை. ஆனால் அது நடக்கும்வரை அப்பாவால் காத்திருக்க முடியாது. அவருக்கு இந்த வாரமே ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

டாக்டரின் குறிப்பு, நிராகரித்த கடிதம், முந்தைய மனுவின் ரசீது எல்லாம் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து இந்த மனுவையும் உரிய அலுவலருக்கு என்று அனுப்பிவிட வேண்டாம். தாங்களே ஒரு போன் செய்யுங்கள் ஐயா. கை கூப்பிக் கேட்கிறேன், ஒப்புதல் வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நோயாளியின் மகள்