சூத்திரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணிதப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். வகுப்புப் பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிடும் பிள்ளைகளுக்குத் தனிப் பாடம் வேண்டுமென்று பெற்றோர் பலமுறை எழுதியதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே என் மகளின் விடைத்தாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் 20 ஒற்றைப்படை எண்களின் கூட்டுத்தொகை என்ன என்பது கேள்வி. அவள் ஒரு புள்ளி வைத்து, அதை ஒட்டி ‘ட’ வடிவில் மூன்று புள்ளிகளும், அதற்கு வெளியே ஐந்தும், பிறகு ஏழும் வைத்து, ஒவ்வொரு முறையும் சதுரத்தின் பக்கம் ஒரு புள்ளி வளர்வதால் இருபதாவது முறையில் 20 பெருக்கல் 20, அதாவது 400 கிடைக்கும் என்று எழுதியிருந்தாள். ஐந்துக்கு ஒரு மதிப்பெண், ஓரத்தில் சிவப்பு மையில் “சூத்திரம் எங்கே?” ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை, தாங்கள் வகுத்த விடைக்குறிப்பின்படிதான் அவர் திருத்த முடியும். அன்றிரவு அவள் தன் நோட்டில் பென்சிலால் போட்டிருந்த அதே படத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சூத்திரத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள்.

கூடுதல் பாடம் கேட்டபோது மேல் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அதில் எண்கள்தான் பெரிதாகின்றன. ‘ஏன்’ என்ற கேள்வி அங்கும் இல்லை. நாங்கள் கேட்பது வேகமான பாடத்தை அல்ல, காரணம் கேட்கும் பாடத்தை. எடுத்துக்காட்டாக, ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டினால், 0 முதல் 39 வரை எந்த எண்ணை எடுத்தாலும் பகா எண்களே வருகின்றன. 40-இல் 1681 வந்து, அது 41 பெருக்கல் 41 ஆகிவிடுகிறது. நாற்பது முறை சரியாக வந்ததும் நிரூபணம் ஆகாது என்பதை ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்க ஒரு வகுப்பு நேரம் போதும். பகா எண்களுக்கு முடிவில்லை என்று கி.மு. 300 அளவில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் காட்டிய வழிக்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். இவற்றுக்கு இடமில்லாத பாடத்திட்டத்தில் வேகப் பயிற்சித் தாள்களுக்கு மட்டும் எப்படி இத்தனை பக்கங்கள் கிடைக்கின்றன? மனப்பாடம் செய்பவரையும் சிந்திப்பவரையும் ஒரே அளவுகோலால் அளந்து, சிந்திப்பவரின் மதிப்பெண்ணைக் குறைப்பது எந்த வகையில் நியாயம்?

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். காரணம் கேட்கும் பாடம் ஒன்றை வகுத்துத் தாருங்கள். அதற்குக் காலம் பிடிக்குமென்றால், சரியான காரணம் எந்த வழியில் வந்தாலும் முழு மதிப்பெண் என்ற ஒரு வரியையாவது அடுத்த தேர்வுக்குள் விடைக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள். விடைத்தாளின் நகலை இணைத்திருக்கிறேன். மதிப்பெண்ணை விட்டுவிட்டு, அந்தப் படத்தை ஒருமுறை பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்